கோலும் நிழலும் கூடுதல் கணிதமும்

மார்ச் 28ஐ ஒட்டிய நாளொன்றில், மதியம் ஒன்றேகால் மணியைச் சற்றே தாண்டியதும், மலேசியாவின் செமினியில் நட்டுவைத்த கோலுக்கு நிழல் இல்லாமல் போகும். சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நேரம் அது. செப்டம்பர் நடுவில் இன்னொரு முறை இப்படி ஆகும். தமிழ்நாட்டில் இதை நிழலில்லா நாள் என்பார்கள். சென்னைக்கு அது ஏப்ரல் 24ஐ ஒட்டி வரும். பன்னிரண்டு மணிக்கு வரவேண்டிய உச்சி இங்கே ஒன்றேகாலுக்கு வரக் காரணம் கடிகாரம்தான். 1982 முதல் மலேசிய நேரம் 120 பாகைத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது. செமினியோ 102க்கும் சற்று மேற்கே இருக்கிறது.

நண்பகலில் கோல் நட்டு நிழல் பார்ப்பது நம்மவர்க்குப் பழைய வேலை. அரண்மனைக்கு மனை வகுத்தவர்கள் இரு கோல்களின் நிழலைக் கொண்டு திசை குறித்ததை நெடுநல்வாடை சொல்கிறது.

ஒரு மீட்டர் கோலின் உச்சி நிழல் செமினியில் ஜூன் 21 அன்று தெற்கே சுமார் 37 செ.மீ. நீளும், டிசம்பர் 21 அன்று வடக்கே 50 செ.மீ. நீளும். நிலநடுக்கோட்டிலிருந்து சூரியன் விலகும் கோணம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரு சைன் அலையாக, இருபுறமும் 23.4 பாகை வரை ஏறி இறங்குகிறது. அந்தக் கோணத்திலிருந்து செமினியின் அட்சரேகையான 2.95 பாகையைக் கழித்து டேன் எடுத்தால் நிழலின் நீளம் வந்துவிடும். தேதி கோணமாகிறது, கோணம் நிழலாகிறது. ஒரு சார்பின் விடையை இன்னொரு சார்புக்குள் செலுத்துவது என்று படிவம் 4 கூடுதல் கணிதத்தின் முதல் பாடம் சொல்வது இதைத்தான்.

நிழலை வைத்துத் தேதியைச் சொல்ல முடியுமா? ஒரே நிழல் ஆண்டில் இரண்டு நாள் வருவதால் முடியாது. நேர்மாறு சார்பு வேண்டுமானால் சார்பு ஒன்றுக்கொன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல மாணவர்களுக்கு வெறும் சட்டமாகவே நின்றுவிடுகிறது. கோலைப் பார்த்தவருக்கு அது கண்கூடு. டிசம்பர் 21 முதல் ஜூன் 21 வரை என்று மதிப்பகத்தைச் சுருக்கினால் நிழலே நாட்காட்டி ஆகிவிடும்.

அளக்கப் போனால்தான் சிக்கல் தெரியும். சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. ஆகவே ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் நிழலின் நுனி 9 மில்லிமீட்டர் அளவுக்கு மங்கிக் கிடக்கும். மார்ச் மாதத்தில் நிழல் ஒரு நாளுக்கு மாறுவதே 7 மில்லிமீட்டர்தான்! ஒற்றை அளவீட்டை நம்பி நாளைச் சொல்ல முடியாத இந்த இடத்தில் புள்ளியியல் கைகொடுக்கிறது. பத்து நாள் அளந்து புள்ளி குறித்தால், சைன் அலை பூச்சியத்தைக் கடக்கும் பகுதி நேர்கோடு போலவே இருப்பதால், நடுவே ஒரு கோட்டை இழுக்கலாம். மேலும் கீழுமான பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். கோல் ஒரு பாகை சாய்ந்திருந்தால் மட்டும் எத்தனை நாள் அளந்தாலும் பயனில்லை. பத்து அளவும் ஒரே பக்கம் 1.7 செ.மீ. தவறும். அதற்கு மருந்து தூக்குக்குண்டு.

சிக்காகோ பல்கலைக்கழகத்தின் பள்ளிக் கணிதத் திட்டம் சார்பு, புள்ளியியல், முக்கோணவியல் மூன்றையும் ஒரே பாடநூலில் சேர்த்தது. மலேசியாவில் நம் எஸ்.பி.எம். தேர்வுப் பாடத்திட்டத்தில் அவை இரண்டு பாடங்களிலும் இரண்டு படிவங்களிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றாகப் படிப்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ஒன்றில்லாமல் மற்றது இந்தக் கோலடியில் நிற்காது.

சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே வரும் மார்ச் 20 அல்லது 21 அன்று செமினியில் உச்சி நிழல் வடக்கே ஐந்து செ.மீ.க்குச் சற்று மேல் விழும். நிழலைக் கோலின் உயரத்தால் வகுத்து, நேர்மாறு டேன் கண்டால் 2.95 பாகை. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் ஏறத்தாழ 330. செமினியிலிருந்து நேர் தெற்கே, மலாக்கா நீரிணை தாண்டி, சுமத்ராவின் ரியாவ் காடுகளுக்குள் ஓடும் நிலநடுக்கோட்டின் தூரம் அது.