அடுப்பை எண்ணும் கணக்கு: காரைநகரின் குடித்தனங்கள்

குடிசனக் கணக்கெடுப்பில் வீடு வேறு, குடித்தனம் வேறு. சுவரும் கூரையும் தனி வாசலும் கொண்ட கட்டடம் வீடு. ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சமைத்து உண்பவர்கள் ஒரு குடித்தனம். ஒரே கூரையின் கீழ் இரண்டு சமையல் தனித்தனியே நடந்தால் அங்கே இரண்டு குடித்தனங்கள் உள்ளன. தனக்கு மட்டும் சோறு வடிக்கும் மூதாட்டியும் கணக்கில் ஒரு முழுக் குடித்தனமே. வீட்டோடு தங்கி வேலை செய்பவர் அந்தக் குடித்தனத்தைச் சேர்ந்தவர். கனடாவில் இருந்து மாதாமாதம் பணம் அனுப்பும் மகன் சேரமாட்டார். குடும்பம் என்பது இரத்த உறவால் அமைவது. குடித்தனம் அடுப்பால் அமைவது.

ஓர் ஊரில் இருப்பவர் எல்லோரும் குடித்தன மக்களும் அல்லர். மாணவர் விடுதி, முதியோர் இல்லம், சிறைச்சாலை, படை முகாம் ஆகியவற்றில் கூட்டாக வசிப்போர் நிறுவன மக்கள் எனத் தனியே பிரிக்கப்படுவர். காரைநகரில் இந்தப் பிரிப்பு முக்கியமானது. இலங்கைக் கடற்படையின் ‘எலாற’ தளம் இங்குதான் உள்ளது. ஒரு தளத்தில் இருப்போரில் பெரும்பாலோர் வெளியூர்களிலிருந்து வந்த இளவயது ஆண்கள். அவர்களையும் ஊர்க் குடித்தனங்களையும் ஒரே பட்டியலில் கலந்தால், ஆண்கள் குறைந்த ஊரும் ஆண்கள் நிறைந்த ஊராகத் தோன்றும்; முதுமை கூடிய ஊர் இளமையானதாகத் தோன்றும்; மொழி, சமயக் கணக்குகளும் பிசகும். ஊரின் அன்றாட வாழ்வை அறியக் குடித்தன மக்களைத் தனியே எடுத்துப் பார்ப்பது இதனாலேயே.

காரைநகர் யாழ்ப்பாணத் தீவுகளில் குடாநாட்டுக்கு மிக நெருங்கியவற்றில் ஒன்று. பொன்னாலைப் பாலம் அதை வலிகாமத்தோடு இணைக்கிறது. தெற்கே கடற்கோட்டை நிற்கும் நீரிணைக்கு அப்பால் ஊர்காவற்றுறை. காரைதீவு என்ற பழைய பெயர் கிழக்கு மாகாணத்து ஊர் ஒன்றுக்கும் இருந்ததால், 1920களில் இந்தத் தீவு காரைநகர் ஆயிற்று. பரப்பு 20 சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேல். வலந்தலை, களபூமி, கோவளம், திண்ணபுரம், தங்கோடை, கருங்காலி எனக் குறிச்சிகள் பல. நிர்வாகத்துக்கு இது தனிப் பிரதேச செயலகப் பிரிவு. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 10,000. பெரும்பாலோர் இலங்கைத் தமிழர், சைவர். கிறிஸ்தவர்கள் சிறு தொகையினர். இனம், சமயம் என்ற இரண்டு பத்திகளிலும் காரைநகர் அதிகம் மாறுவதில்லை. வயது, பால், குடித்தன அளவு ஆகிய மூன்றிலுமே இந்த ஊரின் கதை எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் குடித்தன அளவு. 2012இல் இலங்கையில் ஒரு குடித்தனத்தில் சராசரியாக நான்கு பேர்கூட இல்லை. பிள்ளைப்பேறு குறைந்ததும், மணமான பிள்ளைகள் தனிக்குடித்தனம் போவதும் நாடு முழுவதற்கும் பொதுவான காரணங்கள். யாழ்ப்பாணத்தில் இவற்றோடு சொத்து வழக்கமும் சேர்கிறது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்தில் சீதனத்துக்குப் பெரிய இடம் உண்டு. நடைமுறையில் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும்; மருமகன் அந்த வீட்டுக்கு வருவான்; முதிர்ந்த பெற்றோர் மகளோடு இருப்பர். ஆகவே மூன்று தலைமுறைக் குடித்தனம் இங்கே பெரும்பாலும் பெண் வழியாக நீளும். மகள் வெளிநாட்டில் மணமாகிப் போனால் இந்தச் சங்கிலி அறுகிறது. வீடு அவள் பெயரில் இருக்கும். வயதான தாய் தந்தையர் இருவர் மட்டுமே குடித்தனமாக எஞ்சுவர். அவர்களில் ஒருவர் காலமானால் அது ஓராள் குடித்தனம். மற்றவரும் போனபின் வீடு பூட்டப்படும், அல்லது காவலுக்கு இருக்கும் வேறொரு குடும்பம் அங்கே புதிய குடித்தனமாகப் பதியப்படும். வீடுகளின் எண்ணிக்கை குறையாமலே, அல்லது வெளிநாட்டுப் பணத்தால் கூடிக்கொண்டே, குடித்தனங்கள் சுருங்குவது இவ்வாறுதான்.

அடுத்தது பால் விகிதம். அதாவது 100 பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்ற கணக்கு. 2012இல் இலங்கை முழுவதற்கும் இது ஏறத்தாழ 94. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 89. பெண்கள் ஆண்களைவிட நீண்ட காலம் வாழ்வதால், முதுமை கூடிய சமூகங்களில் இந்த எண் பெரும்பாலும் 100க்குக் கீழே இறங்கும். அதற்கு மேலும் இறங்கியிருந்தால் ஆண்கள் வெளியேறியிருக்க வேண்டும், அல்லது இறந்திருக்க வேண்டும். காரைநகரில் ஆண்கள் ஊரில் இல்லாதது புதிதன்று. மண்ணில் உப்பு, நன்னீர்க் கிணறு அரிது, நெல் மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம். இதனால் காரைநகரார் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்தனர். பிரித்தானியர் காலத்தில் யாழ்ப்பாணத்தார் பலரோடு மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கவும் போயினர். கடைக்காரர் தெற்கில், மனைவி மக்கள் ஊரில் என்பது தலைமுறைகளாகத் தொடர்ந்த ஏற்பாடு. 1983 யூலை வன்செயல் அந்தக் கடைகள் பலவற்றை அழித்தது. பின்னர் வந்தது போர். அதைத் தொடர்ந்து கடல் கடந்த புலப்பெயர்வு. வணிகத்துக்குப் போனவன், போரில் மாண்டவன், ஐரோப்பாவுக்குப் போனவன் மூவரும் பால் விகிதத்தில் ஒரேவிதமாகவே தெரிவர். பெண் தலைமைக் குடித்தனம் என்ற பத்தியிலும் கணவனை இழந்தவளும், கணவன் அனுப்பும் பணத்தில் வீடு நடத்துபவளும் அடுத்தடுத்து நிற்பர். எண் ஒன்று, அவர்களுக்கு வேண்டிய உதவி ஒன்றல்ல.

மூன்றாவது வயது. வயதுக் கட்டமைப்பைப் படமாக வரைந்தால், பிறப்பு மிகுந்த சமூகத்தில் அது அடி அகன்ற கோபுரமாக வரும். பிறப்பு குறையக் குறைய அடி ஒடுங்கும். உழைக்கும் வயதினர் வெளியேறிய ஊரில் இடையும் ஒட்டிப்போகும்; மேற்பகுதி மட்டும் பருத்து நிற்கும். இலங்கையில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 2012இல் 7.9 வீதம், 2024 கணக்கெடுப்பில் 12.6 வீதம். பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் இதே காலத்தில் 25.2 வீதத்திலிருந்து 20.7 வீதத்துக்குக் குறைந்தனர். தங்கிவாழ்வோர் விகிதம் இந்த வயதுத் தொகுதிகளிலிருந்தே கணிக்கப்படுகிறது: சிறுவரையும் முதியோரையும் கூட்டி, உழைக்கும் வயதினர் தொகையால் வகுத்து, நூறால் பெருக்குவது. 2012இல், 60 வயதை முதுமையின் எல்லையாகக் கொண்டால், இலங்கைக்கு அது ஏறத்தாழ 60. காரைநகர் போன்ற ஊருக்கு இந்தச் சூத்திரம் பாதி உண்மையையே தரும். ஊரின் முதியோர் பலர் தங்கியிருப்பது ஊரிலுள்ள இளையோரை நம்பியன்று. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் உழைக்கும் பிள்ளைகளை நம்பியே. மருந்துக்குப் பணம் கடல் கடந்து வரும். நோய் வந்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகும் கை மட்டும் ஊரிலேயே இருந்தாக வேண்டும்.

கால மாற்றத்தைப் பார்க்க மாவட்டக் கணக்கே உதவும். இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் 1981இல் 738,788 பேர் இருந்தனர். 1991இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2001இல் யாழ்ப்பாணம் உட்பட வடக்குக் கிழக்கு மாவட்டங்கள் பலவற்றில் அது முழுமையாக நடைபெறவில்லை. அடுத்த முழுக் கணக்கு 2012இல் வந்தபோது தொகை 583,000ஐச் சற்றே தாண்டியிருந்தது. அதே 31 ஆண்டுகளில் நாட்டின் மக்கள்தொகை ஒரு கோடியே 48 இலட்சத்திலிருந்து இரண்டு கோடியே 3 இலட்சமாகப் பெருகியது. நாடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வளர, மாவட்டம் ஐந்தில் ஒரு பங்கை இழந்தது. விளைவு நாடாளுமன்றம்வரை எட்டியது. வாக்காளர் தொகைப்படி ஆசனங்கள் பகிரப்படுவதால், 2010 தேர்தலில் ஒன்பது ஆசனங்கள் பெற்றிருந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2015இல் ஏழும், 2024இல் ஆறும் மட்டுமே கிடைத்தன.

ஒருவரை எந்த ஊரில் எண்ணுவது என்பதும் முடிவை மாற்றும். கணக்கெடுப்பு இரவில் யார் எங்கே இருந்தாரோ அங்கே எண்ணுவது ஒரு முறை. வழமையாக எங்கே வசிக்கிறாரோ அங்கே எண்ணுவது மற்றது. ஊரின் சிவன் கோயிலான ஈழத்துச் சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரை நடக்கும் நாள்களில் முதல் முறையில் எண்ணினால், கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்தோரையும் சேர்த்துக் காரைநகர் பெருத்துவிடும். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வழமையான வதிவிடத்தை அடிப்படையாகக் கொண்டது. அந்த முறையில், திருவிழாவுக்கு வந்தவர் ஊரின் குடித்தன மக்கள் அல்லர். யாழ்ப்பாண நகரில் வேலை செய்து மாலையில் பொன்னாலைப் பாலத்தால் திரும்புபவர் குடித்தன மக்களே.

இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையிலான காலத்தைப் பதிவேடுகளே நிரப்புகின்றன. கிராம அலுவலரிடம் குடும்ப விபரம் உண்டு. வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. பிறப்பும் இறப்பும் பதிவாளரிடம் பதிகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு. போனவரின் பெயர் பட்டியலிலிருந்து உடனே வெட்டுப்படுவதில்லை. பிறப்பு, தாயின் ஊரில் அல்லாமல் குழந்தை பிறந்த இடத்துப் பிரிவில் பதியப்படும். பிரசவத்துக்கு யாழ்ப்பாண நகருக்குப் போகும் காரைநகர்த் தாய்மாரின் பிள்ளைகள் நகரத்துப் பிறப்புகளாகவே தெரிவர். ஊரில் பிள்ளைகள் பிறப்பதே அரிது என்று அந்த ஏட்டை மட்டும் பார்த்தவர் தவறாக முடிவு கட்டக்கூடும்.

கணக்கின் எல்லை சுருங்கச் சுருங்க இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். ஓராயிரம் பேர் கொண்ட கிராம அலுவலர் பிரிவில் ஐந்து பேர் கொண்ட இரு குடும்பங்கள் வெளியேறினால் மக்கள்தொகை ஒரு வீதம் குறைந்துவிடும். அதே இழப்பு மாவட்டக் கணக்கில் தெரியவே தெரியாது. எனவே சிற்றூர்க் கணக்கை வீதத்தில் மட்டும் படிக்கக்கூடாது, ஆட்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும். கோடையில் பவுசரில் குடிநீர் பகிரும்போது வேண்டிய எண் குடித்தனங்கள் எத்தனை என்பது. பாடசாலைக்கு ஆசிரியர் நியமிக்க வேண்டியது ஐந்து முதல் பதினெட்டு வயதினர் தொகை. நடமாடும் வைத்திய சேவைக்கு வேண்டியது, தனித்து வாழும் முதியோர் எந்தக் குறிச்சியில் எத்தனை பேர் என்ற விபரம். பூட்டிய வீடுகளைக் கொண்டு இவற்றில் எதையும் கணிக்க முடியாது. அடுப்பு எரியும் வீடுகளைக் கொண்டே கணிக்க வேண்டும்.