டைட்டிலில் தமிழ்ப் பெயர் உடைவது ஏன்? எடிட்டர்கள் கவனிக்க வேண்டிய 4 விஷயங்கள்

சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் 1930-களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 100-க்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. ஷூட்டிங், எடிட்டிங் எல்லாம் ஒரே வளாகத்தில். இன்று அதே சேலம், நாமக்கல் பக்கத்தில் ஒரு கல்யாண வீடியோவுக்கு எடிட்டர் ஓர் ஊரிலும், டைட்டில் செய்பவர் இன்னோர் ஊரிலும் இருக்கலாம். நடுவில் இருப்பது ஒரு பென் டிரைவ் அல்லது கூகுள் டிரைவ் லிங்க். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

வரவேற்பு மேடையின் எல்இடி திரையில் மணப்பெண் பெயர் உடைந்து நின்றால், "மறுபடி ரெண்டர் போட்டுத் தர்றேன்" என்று சொல்ல நேரம் இருக்காது.

1. போவது வீடியோ அல்ல, குறிப்பு

பிரீமியர் புரோவிலிருந்து டாவின்சி ரிசால்வுக்கு எக்ஸ்எம்எல் ஃபைல் அனுப்பினால், அதில் காட்சிகள் இருக்காது. எந்த கிளிப், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்புதான் இருக்கும். வெட்டுகள் சரியாகப் போய்ச் சேரும்; எஃபெக்டுகளும் டைட்டில்களும் பெரும்பாலும் வழியில் உதிர்ந்துவிடும். பழைய இடிஎல் வகையில் இன்னும் குறைவாகத்தான் போகும்.

பிரீமியரையும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸையும் இணைக்கும் 'டைனமிக் லிங்க்' வசதியில், ஒன்றில் மாற்றினால் மற்றதில் தானாக மாறும். ஆனால் இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். வேறு ஊருக்கு அனுப்புவதாக இருந்தால் பிரீமியரில் 'புராஜெக்ட் மேனேஜர்', ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 'கலெக்ட் ஃபைல்ஸ்' மூலம் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்து அனுப்புங்கள். இல்லையென்றால் அங்கே 'மீடியா ஆஃப்லைன்' என்றுதான் வரும்.

2. ஃபிரேம் கணக்கு

எடிட் 25 ஃபிரேமில், டைட்டில் 30 ஃபிரேமில் இருந்தால், விநாடிக்கு 5 ஃபிரேம் விழுந்து அசைவு வெட்டி வெட்டித் தெரியும். 23.976-ஐ 24 என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி விலகும். நாதஸ்வரம் ஒரு பக்கம், தாலி கட்டுவது ஒரு பக்கம் என்றாகிவிடும். வேலை தொடங்கும் முன்பே இரண்டு பேரும் ஒரே எண்ணைப் பேசிக்கொள்ள வேண்டும்.

3. பின்னணி கறுப்பாக வருகிறதா?

டைட்டிலைச் சுற்றியுள்ள பகுதி ஊடுருவித் தெரிய 'ஆல்ஃபா' என்ற கூடுதல் தகவல் தேவை. வழக்கமான எச்.264 ஃபைலில் அது கிடையாது. புரோரெஸ் 422-லும் கிடையாது. புரோரெஸ் 4444-ல் உண்டு. ஃபைல் பெரிதாகும், ஆனால் டைட்டில் வீடியோ மேல் சரியாக உட்காரும்.

4. தமிழ் எழுத்து

'கோமதி' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் முதலில் 'க', அதன் பிறகு ஓகாரக் குறி என்றுதான் பதிவாகிறது. திரையில் அதைப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது சாஃப்ட்வேரின் வேலை. அது நடக்காதபோதுதான் பெயர் உடைகிறது. பிரீமியரிலும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் தெற்காசிய எழுத்துகளைக் கையாளும் டெக்ஸ்ட் இன்ஜின் இயங்கினால் இது சரியாகும்.

பாமினி போன்ற பழைய ஃபான்ட்களின் கதை வேறு. அங்கே உண்மையில் பதிவாவது ஆங்கில எழுத்துகள். ஃபான்ட்தான் அவற்றுக்குத் தமிழ் வேஷம் போடுகிறது. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் வேஷம் கலைந்து, ஆங்கில எழுத்துக் குவியல் தெரியும்.

எந்த வழி நல்லது?

ஒரே கம்ப்யூட்டர் என்றால் டைனமிக் லிங்க். இரண்டு ஊர் என்றால், எடிட்டை முதலில் லாக் செய்துவிட்டு, கிளிப்பின் இரு பக்கமும் ஒரு விநாடி கூடுதலாக விட்டு அனுப்புங்கள். டைட்டிலை ஆல்ஃபாவுடன் ரெண்டர் செய்தே திரும்ப வாங்குங்கள். அப்போது எழுத்து படமாகிவிடும், ஃபான்ட் பிரச்சினையே வராது. ஆனால் எழுத்துப்பிழை இருந்தால் அதையும் இங்கே திருத்த முடியாது. அதனால் ரெண்டருக்கு முன், பெயர்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கல்யாண வீட்டாரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.