பூட்டினேனா?

பேருந்துத் தரிப்பிடம் வரை வந்த பின்னர் "கதவைப் பூட்டினேனா?" என்ற ஐயம் மனதைக் குடையாதவர் நம்மில் யார், அன்பு நேயர்களே? திறப்பு கைப்பைக்குள் கிடக்கிறது. பூட்டிய ஞாபகம் மட்டும் இல்லை.

இதை மறதி என்கிறோம். அந்தச் சொல் இங்கே பாதிதான் பொருந்தும் என்பது என் எண்ணம். மறப்பதற்கு முதலில் அது மனதில் பதிந்திருக்க வேண்டுமே! ஆயிரம் தடவை செய்த வேலையைக் கை தானாகவே செய்துவிடும். மனமோ அந்நேரம் சந்தைக் கணக்கில் நிற்கும். நேற்றுப் பூட்டியதும் இன்று பூட்டியதும் ஒரே அச்சாக இருப்பதால், இன்றையதைப் பிரித்தெடுக்கவும் முடிவதில்லை. விருந்துக்கு உடை மாற்ற அறைக்குள் போனவர், ஒவ்வொன்றாகக் களைந்துவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துவிடுவதை, அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட நூலில் கூறுகிறார். பழக்கம் இழுத்துச் சென்ற வழி அது.

உண்மையாகவே பூட்டாமற் போவது வேறு வகை. திறப்பைக் கையில் எடுத்த நேரம் தொலைபேசி அலறும். பேசிவிட்டுத் திரும்பும் மனம், பூட்டி முடித்ததாக எண்ணி அடுத்த படிக்குத் தாவிவிடும். பிரித்தானிய உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் சாதாரண மக்களை நாட்குறிப்பு எழுதவைத்து இத்தகைய தவறுகளைத் திரட்டினார். அவை மிகுதியும் நேர்ந்தது, நன்கு பழகிய இடத்தில் பழகிய வேலையைச் செய்கையில், மனம் வேறெங்கோ இருந்தபோதுதான்.

வள்ளுவர் இதற்கென்றே 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரம் வைத்தார். மிகுந்த மகிழ்ச்சியால் வரும் சோர்வு, அளவுகடந்த கோபத்திலும் தீயது என்பது அவர் கருத்து. பொருட்பாலில், ஆட்சி செய்வோருக்குச் சொன்னதுதான். ஆனாலும் கலியாண வீட்டுக்குப் புறப்படும் நாளில் நம் வீட்டுக் கதவு திறந்து கிடப்பதற்கும் அது பொருந்துகிறது.

மகிழ்ச்சி மட்டுமல்ல, பயமும் இதைச் செய்யும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, என் பெரியம்மா திறப்பைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நடந்தார். தென்மராட்சியில் இருந்த மாதங்களில் அவர் ஓயாது கேட்டது ஒன்றுதான்: "பிள்ளை, குசினிக் கதவைப் பூட்டினனானோ?" வயது போய்விட்டதென்று இளையவர்கள் சிரித்தார்கள். வயதின் குற்றமா அது? அன்று அவர் கவனமெல்லாம் பிள்ளைகளை எண்ணுவதில் இருந்தது. அடுத்த ஆண்டு திரும்பிப் போனபோதும் அவருக்கு விடை கிடைக்கவில்லை. கதவு நிலையோடு போயிருந்தது.

ஜப்பானில் புகையிரத ஊழியர்கள் சமிக்ஞையை விரலாற் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வார்கள். கண்ணும் கையும் வாயும் சேரும்போது கவனம் ஓரிடத்தில் நிற்கிறது. நாமும் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்து, "செவ்வாய்க்கிழமை, பூட்டியாச்சு" என்று சொல்லலாம். கிழமையைச் சேர்க்க வேண்டும், நேயர்களே. இல்லாவிட்டால் நாலு நாளில் அதுவும் பழக்கமாகி, "சொன்னேனா?" என்று பேருந்துத் தரிப்பிடத்தில் நின்று யோசிக்க நேரும்.