வாயில் தெரியும் உடல்நோய்கள்

சந்தையில் மாடு பிடிக்கச் செல்லும் விவசாயி, விலை பேசுவதற்கு முன் மாட்டின் வாயைத் திறந்து பார்க்கத் தவறுவதில்லை. பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கிறார். மூக்கு நுனி ஈரமாயிருக்கிறதா, காய்ந்து கிடக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார். நெற்பயிரின் அடியிலை மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவென்றும், இலையில் துருப் போன்ற புள்ளிகள் கண்டால் துத்தநாகச் சத்துக் குறைவாயிருக்கலாமென்றும் வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுகிறார். இத்துணைக் கூர்ந்த பார்வையுடைய நம் மக்கள், தம் வாயையோ தம் குழந்தைகளின் வாயையோ நல்ல வெளிச்சத்தில் உற்று நோக்குவது அரிதாகவே இருக்கிறது. பல் வலி கண்டாலன்றி வாயைப் பற்றிய நினைவே நமக்கு எழுவதில்லை. ஆனால் உடலின் வேறு பாகங்களில் உண்டாகும் வியாதிகள் பல, தம் அடையாளத்தை வாயில் காட்டுகின்றன. அவற்றுட் சிலவற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருப்பது நலம்.

வாய்க்கு மட்டும் இச்சிறப்பு ஏன் எனில், வாயின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய சவ்வு ஓயாது தேய்ந்து, சில நாட்கள் முதல் இரண்டு வாரங்களுக்குள் புதிதாக வளர்ந்துகொண்டேயிருக்கிறது. விரைந்து வளரும் பயிருக்கு உரம் குறைந்தால் உடனே தெரிவது போல, இரத்தத்தில் சத்துக் குறைந்தால் இச்சவ்வு விரைவில் வாடிவிடுகிறது. மேலும் அதன் கீழ் ஓடும் இரத்தத்தின் நிறம் தோலை விட இங்கே நன்கு தெரிகிறது.

முதலில் சொல்லத்தக்கது இரத்தசோகை. 2019–21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஊரில் பாதிப் பெண்கள் என்று இதற்குப் பொருள். இந்நோயில் நாக்கும் உதடும் ஈறும் வெளிறிப் போகும். நாக்கின் மேலுள்ள சிறு முட்கள் மறைந்து, அது வழவழப்பாகிவிடும். காரம் பட்டால் எரியும். கடைவாய் வெடித்துப் புண்ணாகும். ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி இளநீர் பருகி மாதக்கணக்கில் காலங்கடத்தும் தாய்மார்களை நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். இளநீரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அதனால் இரும்புச்சத்து ஏறிவிடாது. கருவுற்ற தாய்க்கு இக்குறை முற்றினால், பிரசவத்தில் சிறிது இரத்தம் போனாலும் உயிருக்கு ஆபத்தாகும். அதனாலேயே கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு ஒன்றாக 180 நாட்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை வழங்கப்படுகிறது. மாத்திரையைப் பரணில் வைத்துவிட்டுத் தேநீர் அருந்துவோர் உளர். தேநீரோடு சேர்த்து விழுங்கினாலும் பயன் குறையும்; இரண்டிற்கும் இடையே ஓரிரு மணி நேரமாவது இருத்தல் வேண்டும். வெறுங்காலுடன் நடப்போரின் பாதத்தின் வழியே கொக்கிப்புழு உட்சென்று குடலில் இரத்தத்தை உறிஞ்சுவதும் இந்நோய்க்கு ஒரு காரணம். ஆகவே கழிப்பறை கட்டும் பணிக்கும் நாக்கின் நிறத்திற்கும் தொடர்புண்டு என்று நாம் சொன்னால் அது வேடிக்கையன்று.

கடைவாய்ப் புண்ணைப் பற்றி நம் மாநிலத்திலேயே நடந்த ஆராய்ச்சி ஒன்றுண்டு. குன்னூரில் அமைந்திருந்த உணவு ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய அய்க்ராய்டு, கிருஷ்ணன் என்னும் அறிஞர்கள், இப்புண்ணுக்கும் நாக்குச் சிவப்புக்கும் ‘பி2’ வைட்டமின் குறைவு காரணமென்று 1936-ஆம் ஆண்டில் எழுதினார்கள். வெள்ளையாகத் தீட்டிய அரிசியையே மூன்று வேளையும் உண்டு, பால், பயறு, முட்டை, கீரை ஆகியவற்றை அதிகம் காணாத குழந்தைகளுக்கு இக்குறை எளிதில் வரும். பள்ளிக்குச் செல்லும் அங்கத்தினர்கள் சத்துணவுக்கூடத்துப் பதிவேட்டைப் பார்ப்பதோடு, பிள்ளைகளின் கடைவாயையும் ஒரு கண் பார்த்து வரலாம்.

அடுத்தது நீரிழிவு. நகரத்து நோய் என்று நாம் எண்ணியிருந்த இது இன்று ஏர் பிடிக்கும் கைகளையும் விடவில்லை. 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. வாய் எப்பொழுதும் வறண்டிருத்தல், ஈறு வீங்கி இரத்தங் கசிதல், சொத்தை இல்லாமலே பற்கள் ஆடுதல், நாக்கில் தயிராடை போன்ற வெண்படலம் படிதல் ஆகியவை இதன் குறிகளாயிருக்கலாம். ஐம்பது வயதில் நான்கைந்து பற்கள் ஒருசேர ஆடினால், அதை முதுமையென்று கொள்ளாமல் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் அடங்காது. சர்க்கரை அடங்காவிடில் ஈறும் ஆறாது. மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல்லாண்டு உட்கொள்வோர் சிலருக்குப் ‘பி12’ வைட்டமின் குறைந்து, நாக்கு சிவந்து எரிவதும் பாதம் மரத்துப் போவதும் உண்டு. வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின், இரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபின் போன்ற மருந்துகளால் ஈறு தடித்து வளர்வதும் உண்டு. இதற்காக மருந்தைத் தாமே நிறுத்திவிடுதல் பெருங்கேடு; வலிப்போ பக்கவாதமோ வந்து சேரும். மருத்துவரிடம் கூறினால் அவர் மாற்று மருந்து தருவார்.

உயிரைப் பறிக்கக்கூடிய இரண்டு குறிகளைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். மேடேறும்போதோ சுமை தூக்கும்போதோ கீழ்த்தாடையில் வலி தோன்றி, உட்கார்ந்தால் தணியுமாயின், அது பல்வலியாயிராமல் இருதய வலியாயிருக்கலாம். இருதயத்திலிருந்தும் தாடையிலிருந்தும் வரும் நரம்புகள் மூளைக்குச் செல்லும் வழியில் ஒன்றையொன்று நெருங்குவதால், மூளை இடத்தைப் பிரித்தறியாது போகிறது. வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்துகொண்டால் கிராம்பு வைத்துப் பார்த்துக்கொண்டிராமல் 108 வண்டியை அழைத்திட வேண்டும். மற்றொன்று இரணஜன்னி. காலில் முள்ளோ ஆணியோ தைத்த சில நாட்களிலிருந்து மூன்று வாரங்களுக்குள் வாய் திறக்க முடியாமல் தாடை இறுகினால், நோய் வாயிலில்லை, காலிலிருக்கிறது. காயம் ஆறிவிட்டிருந்தாலும் இந்த அபாயம் உண்டு. பாக்கும் குட்காவும் மென்று மென்று வாய் சிறுகச் சிறுகத் திறக்க முடியாமற் போவது வேறு. அது வாயின் சொந்த நோய். புற்றாக மாறக்கூடியதாகையால் அதையும் தள்ளிப் போடலாகாது.

பூச்சி மருந்து தெளித்தவருக்கு எச்சில் அளவுக்கு மிஞ்சி ஊறி, வியர்த்து, கண்மணி சுருங்கினால் விஷம் உடலில் ஏறியிருக்கிறது என்று அறிக. மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். காய்ச்சலுடன் ஈறில் இரத்தம் கசிந்தால் டெங்குவாயிருக்கலாம். காய்ச்சலும் சளியுமாயுள்ள குழந்தையின் கன்னத்து உட்புறத்தில் உப்புக்கல் தூவியது போன்ற வெண்புள்ளிகள் கண்டால், ஓரிரு நாட்களில் மணல்வாரி அம்மை போடும். 1896-ஆம் ஆண்டில் இப்புள்ளிகளை விவரித்தவர் காப்ளிக் என்னும் அமெரிக்க மருத்துவர். நாக்கின் அடிப்புறம் மஞ்சளாயிருந்தால் காமாலை. உதடும் நாக்கும் நீலம் பாரித்தால் இருதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு.

ஈறு கருத்திருப்பதைக் கண்டு அஞ்சுவோரும் உளர். நம்மவரில் பெரும்பாலோர்க்கு அது பிறவி நிறமே. முன்பு இல்லாத கருமை புதிதாகத் தோன்றி, அத்துடன் உடல் மெலிந்து சோர்வும் மிகுந்தால் மருத்துவரை நாட வேண்டும். அவ்வாறே, வாய்ப்புண்ணுக்கெல்லாம் மணத்தக்காளிக் கீரை போதுமென்பதும் பாதி உண்மையே. கீரை நல்ல உணவு. ஆனால் இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணை மருத்துவர் பார்த்தே தீர வேண்டும்.

இதில் பஞ்சாயத்துக்குச் செலவு அதிகமில்லை. ஊரில் மருத்துவ முகாம் நடக்கும் நாளில், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் மேசைக்கருகில் ஒரு நாற்காலியும் ஒரு கைவிளக்கும் வைத்து, ‘நாக்கை நீட்டுங்கள்’ என்று கேட்க ஒரு செவிலியரை அமர்த்தும்படி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளலாம். முகாமைக் காலை வேளையில் வைத்தால் கழனிக்குச் செல்லும் பெண்கள் வர இயலாது. அறுவடைக் காலமாயின் மாலை நான்கு மணிக்கு மேல் வைப்பதே உத்தமம்.