குழாயைப் பெருக்கினால் குதிரைத்திறன் கூடுமா?

பழைய மாருதி 800 மேம்பாலம் ஏறத் திணறினால் உடனே ஒரு யோசனை வந்துவிடும்: “கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்தான் மூச்சை அடைக்குது. அதை வெட்டி எடுத்துட்டு, பெரிய பைப்பா போட்டு, ஃப்ரீ ஃப்ளோ சைலன்ஸர் மாட்டிடுங்க. பிக்கப் பிச்சுக்கிட்டுப் போகும்.” அப்படிச் செய்தவர்களில் சிலர், வண்டி நிஜமாகவே தெம்பாக ஓடுகிறது என்பார்கள். அது பொய்யல்ல. ஆனால் அதற்கு அவர்கள் நம்பும் காரணம் தவறு. அந்தத் தவறைத்தான் ஊரே சுவாசிக்கிறது.

முதலில் குழாயைப் பார்ப்போம். மாருதி 800 எஞ்சினின் கொள்ளளவு 796 சிசி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அவ்வளவு காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 5,000 சுற்று சுழன்றாலும் உள்ளே போவது 2,000 லிட்டருக்கும் குறைவு. சூட்டில் அது சில மடங்கு விரிந்து வெளியேறும் என்றாலும், கம்பெனி பொருத்திய குழாய் அந்த அளவுக்குக் கணக்கிட்டுச் செய்ததுதான்.

இந்த எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர். 240 டிகிரி இடைவெளியில் ஒவ்வொன்றாக வெடிக்கின்றன. ஒரு சிலிண்டரின் புகை வெளியேறி முடியும் தறுவாயில்தான் அடுத்தது தொடங்கும். நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் ஒன்றின் புகை மற்றொன்றின் வழியை மறிக்கும் சிக்கல் உண்டு. விலை உயர்ந்த ஹெடர் குழாய்கள் தீர்ப்பது அதைத்தான். இங்கே அந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. வெளியேறும் புகை தன் வேகத்தால் பின்னால் மிச்சமிருப்பதையும் இழுத்துச் செல்லும். குழாய் அளவுக்கு மீறிப் பெரிதானால் அந்த வேகம் குறைந்துவிடும். நகரத்தில் வண்டி பெரும்பாலும் 1,500 முதல் 3,000 சுற்றுக்குள் ஓடுகிறது. இழுவை கெடுவதும் அங்கேதான். கிடைப்பது சத்தம் மட்டும்.

கன்வர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 400 துளைகள். அவற்றின் சுவர்களில் அலுமினாப் பூச்சு, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். மொத்த உலோகமும் சில கிராம்தான். கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் இங்கே ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆக்சிஜனை இழந்து வெறும் நைட்ரஜனாகின்றன. ஒரு வேலைக்கு ஆக்சிஜனைச் சேர்க்க வேண்டும், மற்றதற்குப் பிரிக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் நடக்க வேண்டுமானால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதம் பிசகக் கூடாது. அதைக் காவல் காப்பது ஆக்சிஜன் சென்சார். கலிஃபோர்னியாவில் வோல்வோ 1977 மாடலிலேயே இந்த ஜோடியைப் பொருத்தியது.

கன்வர்ட்டரின் பழைய எதிரி ஈயம். 1950-களில் அமெரிக்காவில் யூஜீன் ஹூட்ரி உருவாக்கிய கன்வர்ட்டர் பரவாமல் போனதற்கு, பெட்ரோலில் கலந்த ஈயம் அதன் பரப்பை மூடிவிட்டது முக்கியக் காரணம். இந்தியாவிலும் 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னையில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானபோது, ஈயமில்லா பெட்ரோலையும் கூடவே கொண்டுவர வேண்டியிருந்தது. நாடு முழுவதும் ஈயம் நீங்கியது 2000-இல்.

பிறகு எப்படி அடைத்துக்கொள்கிறது? பெரும்பாலும் குற்றவாளி ஒரு தேய்ந்த ஸ்பார்க் பிளக். பொறி தவறினால் எரியாத பெட்ரோல் அப்படியே கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வீரியம் இழக்கும். இன்னும் ஏறினால் பீங்கானே உருகித் துளைகள் அடைபடும். வெட்டி எடுத்ததும் வண்டி துள்ளி ஓடுவது இதனால்தான்: எடுத்தது ஏற்கெனவே செத்துப்போன கன்வர்ட்டரை. அதைக் கொன்ற பிளக் எஞ்சினிலேயே இருக்கிறது. ஆரோக்கியமான கன்வர்ட்டர் கொடுக்கும் தடை மிகச் சொற்பம்.

அடைப்பு இருக்கிறதா என்று ஊகிக்கத் தேவையில்லை. ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் கேஜை மாட்டினால் போதும். ஐடிலிங்கில் ஒன்றேகால் பிஎஸ்ஐ, 2,500 சுற்றில் 3 பிஎஸ்ஐ. இதைத் தாண்டினால் அடைப்பு என்பது மெக்கானிக்குகளின் கணக்கு.

பழைய வண்டிக்குச் செலவு செய்ய விரும்புகிறவர்கள் மேனிஃபோல்டு கேஸ்கட்டில் தொடங்கலாம். அங்கே ஒரு சின்ன லீக் இருந்தால், புகைத் துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். சென்சார் அதைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று தப்பாகச் சொல்லும். கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் விழும், கன்வர்ட்டர் வேகும், சில வண்டிகளில் அழுகிய முட்டை வாடையும் வரும். சில நூறு ரூபாய் வேலையைத் தள்ளிப்போட்டு ஆயிரக்கணக்கில் இழப்பது இப்படித்தான். எஞ்சின் ஆயில் குடித்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். ஆயிலில் உள்ள பாஸ்பரஸும் துத்தநாகமும் கன்வர்ட்டரின் பரப்பில் படிந்துவிடும். துருப்பிடித்த சைலன்ஸரை மாற்றும்போது அதே விட்டத்தில், வளைவுகளில் நசுங்காத பைப்பாகப் பார்த்து வாங்குங்கள். இந்த எஞ்சினுக்கு நியாயமான மேம்பாடு அவ்வளவுதான்.

கன்வர்ட்டர் உண்மையிலேயே செத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். மிக மலிவானவற்றில் விலையுயர்ந்த உலோகம் குறைவாக இருக்கும். உங்கள் எஞ்சினுக்கென்றே செய்ததைக் கேளுங்கள். உள்ளிருக்கும் பீங்கானைத் தட்டிக் கொட்டிவிட்டு வெற்றுக் கூட்டை மாட்டுவதை ஏற்கவே முடியாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பின்னால் நிற்கும் ஆட்டோவில் குழந்தை இருந்தாலும் யாருக்கும் தெரியாது. காற்று மாசு விதிகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு 10,000 ரூபாய் வரை அபராதத்துக்கும் மூன்று மாதம் வரை சிறைக்கும் இடம் தருகிறது.

எல்லாம் சரிசெய்த பிறகும் புகைப் பரிசோதனையில் தவறினால் பதற வேண்டாம். கன்வர்ட்டர் ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வரை சூடானால்தான் வேலையே தொடங்கும். வீட்டிலிருந்து தெருமுனைப் பங்க்குக்கு நேராகப் போகாமல், கால் மணி நேரமாவது ஓட்டிச் சூடாக்கிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் பரிசோதனைக்குக் கொடுங்கள்.