வெயில் வாசலுக்கு எந்தப் பூச்செடி?

வெயில் கொளுத்துகிற வாசலில் வருஷம் முழுக்கப் பூக்கிற மாதிரி என்ன செடி வைக்கலாம், அதில் எந்த ரகம் நல்லது என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி கேட்டிருந்தார். எங்கள் ஊர் கரிசல் பூமி. நிழல் கிடையாது, குழாய்த் தண்ணீரும் நினைத்த நேரத்தில் வராது. அப்படிப்பட்ட இடத்தில் பன்னிரண்டு வருஷமாகப் பூச்செடி வளர்த்து வருவதால், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

செடி வாங்கப் போனால் நம் கண் முதலில் பூ மேலேதான் போகும். மார்கழி, தை மாதத்தில் தள்ளுவண்டியில் வருகிற செடியெல்லாம் பூத்துக் குலுங்கித்தான் நிற்கும். "அக்கா, இது பெங்களூர் செடிக்கா, இந்தக் கலர் வேற எங்கேயும் கிடைக்காது" என்று சொன்னால் நமக்கும் ஆசை வந்துவிடும். ஆனால் டேலியா, பெட்டூனியா மாதிரி குளிருக்குப் பூக்கிற செடியெல்லாம் பங்குனி வெயிலிலேயே சுருண்டுவிடும். அதனால் பூவைப் பார்த்து வாங்காதீங்க, அக்னி நட்சத்திரத்தை நினைத்து வாங்குங்க என்பதுதான் நான் சொல்ல வருவது.

கடைக்குப் போகும் முன் ஒரு நாள் உங்கள் வாசலை மட்டும் கவனியுங்கள். காலை ஒன்பது மணி, பகல் பன்னிரண்டு, மாலை மூன்று என்று மூன்று தடவை பார்த்தால் வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது என்று தெரிந்துவிடும். ஆறு மணி நேரத்துக்கு மேல் விழுந்தால் அது முழு வெயில் இடம். அதிலும் மேற்குப் பார்த்த சுவர் என்றால் ராத்திரி எட்டு மணி வரை அனல் அடிக்கும். மே மாதம் தினமும் எத்தனை குடம் தண்ணீர் மிச்சம் பிடிக்க முடியும் என்பதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஒற்றையா, அடுக்கா என்ற கேள்வி. செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி எல்லாவற்றிலும் இரண்டும் உண்டு. அடுக்குப் பூவில் மகரந்தம் சுமக்கிற கேசரங்களில் பல இதழாக மாறியிருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் தேனீக்கும் தேன்சிட்டுக்கும் அதில் கிடைப்பது குறைவு. ஒற்றைச் செம்பருத்தி வைத்த வீட்டில் காலையில் தேன்சிட்டு வந்து தொங்குவதைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கலாம். நான்கு செடி வைத்தால் மூன்று ஒற்றை, ஒன்று அடுக்கு என்று வையுங்கள்.

செம்பருத்தியில் ஐந்து இதழ் சிவப்புக்கு மிஞ்சி எதுவும் இல்லை. சாமிக்கும் ஆச்சு, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க்கும் ஆச்சு. ஐப்பசி மழையில் பென்சில் தடிமனில் ஒரு குச்சியை ஒடித்து ஊன்றினால் போதும், பணம் கொடுத்து வாங்கவே வேண்டாம். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூக்கிற ஹைபிரிட் ரகம் பெரும்பாலும் ஒட்டுக் கட்டினது. தண்ணீர் ஒரு வேளை தப்பினாலும் மொட்டெல்லாம் உதிர்ந்துவிடும். ஆசைக்கு ஒன்று போதும். செம்பருத்தி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். அதனால் அடிக்கடி நுனியை வெட்டிவிட்டால் பூ கூடும்.

செம்பருத்திக்கு எதிரி மாவுப்பூச்சி. 2008-ல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்டுப் பப்பாளியை எல்லாம் அழித்த மாவுப்பூச்சி செம்பருத்தியையும் விடவில்லை. செடியில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள், ஏறினால் பூச்சி வந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். வெயில் நேரத்தில் தெளித்தால் இலை கருகிவிடும்.

நந்தியாவட்டை ரொம்ப சாதுவான செடி. ஒற்றையும் பூக்கும், அடுக்கும் பூக்கும், அடுக்குக்கு ராத்திரியில் வாசனை உண்டு. இடம் குறைவாக இருக்கிறவர்கள் சின்ன இலைக் குட்டை ரகம் கேட்டு வாங்கலாம்.

இட்லிப்பூ என்கிற விருட்சியைக் கொஞ்சம் யோசித்து வாங்குங்கள். வெயில் நன்றாகத் தாங்கும். ஆனால் சுண்ணாம்பு ஆகாது. கரிசல் மண்ணிலும், சிமெண்ட் சுவரை ஒட்டியும், உப்புத் தண்ணீரிலும் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச் சத்து கிடைக்காததால் வருவது. செம்மண்ணும் தொழு உரமும் நிறையக் கலந்து, சுவரை விட்டு இரண்டடி தள்ளி வைத்தால் தப்பிக்கும். செம்மண் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

மல்லிகை இல்லாமல் நமக்குப் பூச்செடியே கிடையாது. குண்டுமல்லிக்கு எத்தனை வெயில் அடித்தாலும் சந்தோஷம்தான். நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும். புவிசார் குறியீடு 2013-ல் கிடைத்ததே மதுரை மல்லி, அதுவும் இந்தக் குண்டுமல்லிதான். நாற்று அதிகம் வருவது ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து. செடிக்குச் செடி நாலடி விட்டு நடுங்கள். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்தால் மாசி, பங்குனியில் மொட்டு பிடிக்க ஆரம்பிக்கும். முல்லைக்குக் கவாத்து ஜனவரி கடைசியில். பிச்சி என்கிற ஜாதிமல்லி அகலமாகப் பரவும், இடம் இருந்தால் மட்டும் வையுங்கள். மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் குண்டுமல்லி. முகூர்த்த நாளில் ஒரு முழம் வாங்கவே யோசிக்கிற நமக்கு, வாசலில் ரெண்டு செடி நின்றால் மகளுக்கும் சாமிக்கும் கட்டிவிடலாம்.

தண்ணீரே கிடையாது என்கிறவர்களுக்கு நித்யகல்யாணி இருக்கிறது. சுடுகாட்டுப்பூ என்று பெயர் வைத்து நாமே அதை ஒதுக்கிவிட்டோம். ஆனால் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுக்கிற வின்கிறிஸ்டின் என்ற மருந்தை இந்தச் செடியிலிருந்துதான் எடுக்கிறார்கள். அப்படிப்பட்ட செடியில் என்ன அபசகுனம்? அதற்காக யாரும் இலையை மென்று வைத்தியம் பார்க்க வேண்டாம், அது விஷமும் கூட. நாட்டு ரோஸும் வெள்ளையும் தானே விதை விழுந்து முளைக்கும். பல கலர் ஹைபிரிட் வாங்கினால் தண்ணீர் தேங்காமல் பாருங்கள், தண்டு அழுகிவிடும். வெளிச்சுவருக்குக் காகிதப்பூ நல்லது. அதைத் தண்ணீர் காட்டாமல் கொஞ்சம் காயப்போட்டால்தான் பூக்கும்.

இனி அரளி. நான்குவழிச் சாலை நடுவில் லாரிப் புகையிலும் அனலிலும் பூத்து நிற்கிற செடி அது. உப்புத் தண்ணீரையும் தாங்கும். அதனால் எல்லோரும் வைக்கிறோம். ஆனால் வேர் முதல் பூ வரை அத்தனையும் விஷம். காய்ந்த குச்சியை அடுப்பெரிக்கவும் கூடாது, புகையும் கெடுதல். மஞ்சள் அரளி, பொன்னரளி என்கிறோமே, அதன் கொட்டை இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

குழந்தை விளையாட்டாக வாயில் போடும் என்பது மட்டும் இல்லை. குடும்பச் சண்டையிலோ பரீட்சைத் தோல்வியிலோ, ஒரு நிமிஷ ஆத்திரத்தில் அந்தக் கொட்டையைத் தேடிப் போனவர்கள் செய்தியை நம் தென் மாவட்டத்தில் பேப்பரில் படிக்காதவர்கள் உண்டா? அது கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஒரு நிமிஷம் கடந்து போயிருக்கும். மறுநாள் காலையில் எழுந்து காபி குடித்திருப்பார்கள். எனவே சகோதரிகளே, மஞ்சள் அரளியை வீட்டு வாசலில் வைக்காதீர்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் மஞ்சள் செம்பருத்தி வையுங்கள். யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலும் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மனசு தாங்காத நாளில் பக்கத்து வீட்டு அக்காவிடமாவது வாயைத் திறந்து சொல்லுங்கள்.

நடும்போது ஒன்றரை அடிக் குழி எடுத்து, மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் கலந்து போடுங்கள். உயரமான செம்பருத்தியும் நந்தியாவட்டையும் பின்னால், மல்லிகை நடுவில், நித்யகல்யாணி முன்வரிசையில் என்று வைத்தால் ஒன்று இன்னொன்றை மறைக்காது. தினமும் தெளிப்பதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் வேர் நனைய ஊற்றுவது நல்லது. அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். ஆர்.ஓ. மிஷினிலிருந்து கழிந்து வருகிற தண்ணீரில் உப்பு அதிகம், அதைக் காகிதப்பூவுக்கு மட்டும் ஊற்றுங்கள். செடியைச் சுற்றித் தேங்காய் மட்டையோ சருகோ பரப்பினால் ஈரம் நிற்கும்.

ஆடி, ஆவணியில் குழி எடுத்து மண்ணை ஆறப்போட்டு, ஐப்பசி மழைக்கு நட்டால், கோடை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். கடற்கரை ஊர்களிலும் மலைப்பக்கமும் இருக்கிற சகோதரிகள் உங்கள் மண்ணுக்கு எந்த ரகம் தாங்குகிறது என்று எழுதுங்கள். எல்லோருக்கும் பயன்படும்.

– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்