மென்பொருள் பணிக்கான நேர்முகத் தேர்வு: ஹைதராபாத் தரும் பாடம்

கணிப்பொறித் துறை ஹைதராபாத் நகருக்குப் புதியதன்று. அணுசக்தித் துறையின் கீழ் 1967-ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்ட எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆப் இந்தியா நிறுவனம், நம் நாட்டிலேயே கணிப்பொறிகளை வடிவமைத்து உற்பத்தி செய்த முன்னோடியாகும். எனினும், 1998-ஆம் ஆண்டே அந்நகரின் வரலாற்றில் திருப்புமுனையாக அமைந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் இந்திய வளர்ச்சி மையம், ஹைடெக் சிட்டியின் சைபர் டவர்ஸ் கட்டடம், சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகம் ஆகிய மூன்றும் அவ்வாண்டிலேயே தோன்றின. 2004-இல் கூகுள் நிறுவனம் அங்கு கால் பதித்தது. 2019 ஆகஸ்டில் அமேசான் நிறுவனம் 15,000 பேர் பணிபுரியத்தக்க பெரும் வளாகத்தைத் திறந்தது.

இத்தகைய நிறுவனங்களில் பொறியாளராகச் சேர விரும்பும் இளைஞர்களில் பலர், பட்டம் பெற்றிருந்தும் நேர்முகத் தேர்வில் தவறிவிடுகின்றனர். பாட அறிவு குறைவாக இருப்பது மட்டுமே இதற்குக் காரணமன்று. தேர்வு எதை அளக்கிறது என்பதை அறியாமையும் ஒரு காரணமாகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேர்வின் படிகள்

நிறுவனத்திற்கு நிறுவனம் சிறு வேறுபாடுகள் இருப்பினும், தேர்வின் பொது அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. முதலில் தன்விவரக் குறிப்பு பரிசீலிக்கப்படுகிறது. அடுத்து, குறித்த நேரத்திற்குள் சில கணக்குகளுக்கு நிரல் எழுதும் இணையவழித் தேர்வு நடைபெறுகிறது. இதில் தேறியோர் மூன்று முதல் ஐந்து சுற்றுகள் வரை நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்படுகின்றனர். ஒவ்வொரு சுற்றும் பொதுவாக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் நீடிக்கும். தரவுக் கட்டமைப்புகளும் கணக்கீட்டு வழிமுறைகளும் பெரும்பாலான சுற்றுகளின் பொருளாகும். அனுபவம் உடையோரிடம், பல இலட்சம் மக்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஓர் அமைப்பை எவ்வாறு வடிவமைப்பது என்றும் வினவப்படுகிறது. கடந்த காலப் பணிகளில் ஒருவர் நடந்துகொண்ட முறையை அறியத் தனிச் சுற்றும் உண்டு.

தேர்வாளர் ஒருவரின் விருப்பு வெறுப்பு முடிவைத் தீர்மானிக்காதிருக்கவும் ஏற்பாடுகள் உள்ளன. அமேசானில், பணிக்கு ஆள் தேடும் குழுவைச் சாராத, 'பார் ரெய்சர்' எனப்படும் ஒருவர் தேர்வில் பங்கேற்கிறார். கூகுளில், தேர்வாளர்கள் எழுதித் தரும் அறிக்கைகளைத் தனிக்குழு ஆராயும் முறை நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்டு வந்துள்ளது.

ஓர் எளிய எடுத்துக்காட்டு

ஓர் எண் வரிசை கொடுக்கப்பட்டுள்ளது. அதில் எந்த இரண்டு எண்களைக் கூட்டினால் 100 வரும் எனக் கண்டறிய வேண்டும். ஒவ்வோர் எண்ணையும் மற்ற எல்லா எண்களோடும் கூட்டிப் பார்ப்பது யாவருக்கும் முதலில் தோன்றும் வழியாகும். வரிசையில் 1,000 எண்கள் இருப்பின் 4,99,500 இணைகளைச் சோதிக்க நேரிடலாம். எண்கள் ஒரு இலட்சமாயின் இணைகள் ஏறத்தாழ 500 கோடியாகப் பெருகிவிடும்.

மாற்று வழி ஒன்று உண்டு. ஒவ்வோர் எண்ணையும் படிக்கும்போது, அதனுடன் சேர்ந்து 100 தரக்கூடிய எண் ஏற்கெனவே வந்துள்ளதா என்று ஒரு குறிப்பேட்டில் பார்க்கலாம். இல்லையெனில் படித்த எண்ணை அதில் பதிந்துகொள்ளலாம். இக்குறிப்பேட்டின் பணியைக் கணிப்பொறியில் 'ஹாஷ்' அட்டவணை செய்கிறது. இம்முறையில் வரிசையை ஒருமுறை கடந்தாலே போதும். நினைவகம் சற்றுக் கூடுதலாகச் செலவாகிறது. காலம் பெருமளவு மிச்சமாகிறது.

விடை மட்டுமே இங்கு மதிப்பிடப்படுவதில்லை. எண்கள் எதிர்மறையாகவும் இருக்கலாமா, வரிசை வெறுமையாக இருந்தால் என்ன செய்வது, 50 என்னும் எண் ஒருமுறையே வந்தால் அதனையே இருமுறை கூட்டலாமா என்ற ஐயங்களை நிரல் எழுதுமுன் எழுப்புகிறாரா என்பதும் கவனிக்கப்படுகிறது. எளிய வழியை முதலில் கூறி, அதன் குறையை எடுத்துக்காட்டி, பின்னர் சிறந்த வழிக்குச் செல்பவர் தம் சிந்தனைப் போக்கைத் தேர்வாளருக்குத் தெளிவாக்குகிறார். விடை தெரிந்தும் மௌனமாக எழுதி முடிப்பவர் இவ்வாய்ப்பை இழக்கிறார்.

ஆய்வுகள் கூறுவது

முன்பு இந்நிறுவனங்களில் புதிர் வினாக்கள் பெருவழக்காக இருந்தன. அவற்றால் பயனில்லை என்பதைக் கூகுளின் பணியாளர் துறைத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். எல்லோரிடமும் ஒரே வகை வினாக்களைக் கேட்டு, ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்முகத் தேர்வே, மனம்போன போக்கில் நடத்தப்படும் உரையாடலைவிட நம்பத்தக்கது என்று 1998-இல் ஷ்மிட், ஹண்டர் ஆகிய ஆய்வாளர்கள் காட்டினர். 2022-இல் வெளியான மறு ஆய்வும் இத்தகைய தேர்வை முன்னணியில் வைத்தது. ஆயினும் எந்தத் தேர்வும் பிழையற்றதன்று. தகுதியுடையோர் சிலரும் தவறவிடப்படுகின்றனர். எனவே ஒருமுறை தேர்ச்சி பெறாமையைத் திறமையின்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

சமவாய்ப்புக்குத் தேவையானவை

சிந்தித்துக்கொண்டே ஆங்கிலத்தில் பேச வேண்டியிருப்பது, தமிழ் அல்லது தெலுங்கு வழியில் பயின்ற கிராமப்புற மாணவருக்கு இரட்டைச் சுமையாகிறது. கணக்கைத் தீர்க்கும் ஆற்றல் அவருக்குக் குறைவில்லை. அதனைச் சொல்லும் பழக்கமே குறைவு. இப்பழக்கத்தைக் கல்லூரிகள் எளிதில் ஏற்படுத்தலாம். மாணவர்கள் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் வினவ மற்றவர் கரும்பலகையில் விளக்கும் பயிற்சியை வாரந்தோறும் நடத்துவதற்குச் செலவேதும் இல்லை. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்.பி.டெல் பாடங்களை இணையத்தில் கட்டணமின்றிக் கற்கலாம்.

எச்சரிக்கை ஒன்றும் அவசியம். வேலை தருவதாகக் கூறிப் பெற்றோரின் சேமிப்பைப் பறிக்கும் இடைத்தரகர்கள் பெருநகரங்களில் உள்ளனர். நேர்மையான நிறுவனம் எதுவும் நேர்முகத் தேர்வுக்கோ பணி நியமனத்திற்கோ விண்ணப்பதாரரிடம் பணம் கேட்பதில்லை. இதனை ஒவ்வொரு கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலரும் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் உணர்த்துதல் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் துணையால் இணையவழித் தேர்வில் பிறர் விடையைத் தம் விடையாகக் காட்டுவது எளிதாகிவிட்டது. ஆகவே 2025-இல் கூகுள், ஒரு சுற்றையேனும் நேரில் நடத்த முற்பட்டது. ஊரிலிருந்து நெடுந்தொலைவு பயணம் செய்து வரும் ஏழை மாணவருக்கு இது கூடுதல் செலவாகலாம். பயணச் செலவை ஏற்பது குறித்து நிறுவனங்களும், உதவி நிதி அமைப்பது குறித்துக் கல்வி நிறுவனங்களும் சிந்திக்க வேண்டும். தேர்வில் நேர்மையைக் காப்பது எவ்வளவு இன்றியமையாததோ, அத்தேர்வுக்கு வந்து சேரும் வழியை எல்லோருக்கும் திறந்து வைப்பதும் அவ்வளவு இன்றியமையாததாகும்.